மூன்றாம் கை: மேலநீலிதநல்லூர் வட்டாரக் கல்யாண வீடுகளை முன்வைத்து மேஜிக் ஆர்ம் பற்றிய ஓர் ஆய்வு

1. முகவுரை

மேலநீலிதநல்லூருக்கு ஆய்வு என்ற சொல் புதிதல்ல. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பதால் ஜீப்பில் வந்து ஆய்வு செய்வோர் உண்டு. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இங்கே இருப்பதால் பஸ்ஸில் வந்து ஆய்வு செய்வோரும் உண்டு. ஆனால் இவ்வூர்க் கல்யாண வீடுகளில் மணமேடைக்கு ஓரமாக நின்று, விளக்கையும் கேமராவையும் மணிக்கணக்கில் தாங்கிக்கொண்டு, பந்திக்குக் கூப்பிட்டாலும் அசையாத ஒரு கை இருக்கிறது. அதற்கு இதுவரை யாரும் தாம்பூலப் பை கொடுத்ததில்லை. அக்குறையை ஓரளவு போக்கவே இக்கட்டுரை.

கடைக்காரர் அதை மேஜிக் ஆர்ம் என்பார். ஸ்டுடியோக்காரர் 'ஆம்' என்று சுருக்குவார். அவசரத்தில் 'அந்தக் கைய எடுலே' என்பார். இரண்டு சாண் கூட நீளாத ஒரு பொருள்: இரு குட்டைத் தண்டுகள், நடுவில் ஒரு முழங்கை, இரு முனைகளிலும் ஒவ்வொரு குண்டு, முழங்கையில் ஒரே ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் செத்த பாம்பாகத் தொங்கும். இறுக்கினால் மூன்று மூட்டும் ஒரே நொடியில் விறைத்துக்கொள்ளும். ஒரு முனை கிளாம்ப்பைக் கவ்வ, மறுமுனை விளக்கைத் தாங்கும். இவ்வளவுதான் பொருள். ஆய்வுக்கு இதைவிடச் சிறிய பொருளை எடுத்துப் பெரிய பட்டம் வாங்கியவர்கள் உண்டு.

2. ஆய்வு எல்லை

ட்ரைபாட் இவ்வாய்வில் சேராது. அது காலைப் பற்றியது. நம் பொருள் கை. செல்ஃபி ஸ்டிக் ஒருவருடைய கையின் நீட்சி அன்று, அவருடைய ஆசையின் நீட்சி. ஆதலால் உளவியல் துறைக்கு உரியது. டிரோனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தலைக்கு மேல் பறப்பதால் உறவுமுறைச் சிக்கல் என்ற தலைப்பில் தனியே ஆராயத்தக்கது.

3. சொல்லாய்வு

தமிழன் கையைப் பற்றிப் பேசிய அளவுக்கு வேறு உறுப்பைப் பற்றிப் பேசவில்லை. கடன் வாங்கினால் கைமாற்று. சேமித்தால் கையிருப்பு. குழம்பு வாய்த்தால் கைப்பக்குவம். டாக்டர் வாய்த்தால் கைராசி. ஆதரித்தால் கைகொடுத்தல், ஆதரிக்காவிட்டால் கைவிடுதல், முற்றிலும் ஆதரிக்காவிட்டால் கைகழுவுதல். 'செயற்கை' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கை ஒளிந்திருப்பதை இங்கே சுட்டாமல் இருக்க முடியவில்லை. மொழிநூலார் அது வெறும் விகுதி என்பார்கள். அவர்கள் மேஜிக் ஆர்மைப் பார்த்ததில்லை.

இவற்றுள் நமக்கு இன்றியமையாத சொல் 'கையாள்'. கை + ஆள் = கையாள். பிறருக்குக் கையாக இருக்கும் ஆள். கல்யாண வீட்டுப் படப்பிடிப்பில் இப்பதவியை நெடுங்காலம் வகித்தவன் லைட் பாய். அவனுக்கு மீசை முளைத்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் பெயர் பாய்தான். பிறகு மேஜிக் ஆர்ம் வந்தது. கையாளிலிருந்து ஆளைக் கழித்தால் மிச்சம் கை. ஒரு முகூர்த்தத்துக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு கையையே வாங்கிவிடலாம், அதற்குச் சோறும் வேண்டாம் என்பது ஸ்டுடியோக்காரர்களின் கணக்கு. இக்கழித்தல் சரியா என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

4. முன்னோர் மரபு

மூன்றாம் கை மேலைநாட்டிலிருந்து வந்தது என்பது கடைச் சீட்டைப் பார்த்துச் சொல்லும் முடிவு. கிணற்றங்கரையைப் பார்த்துச் சொன்னால் வேறாகும்.

முதல் சான்று ஏற்றம். ஒரு தூண், அதன்மேல் குறுக்கே ஒரு துலா, ஒரு முனையில் சால். மறுமுனைக்குப் பாரம் வேண்டுமே? அங்கே ஆள் ஏறினான். துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து, தன் உடம்பையே எடைக்கல்லாக்கித் தண்ணீர் இறைத்தான். கைக்கு எதிர்க்கனம் ஆளே என்னும் இவ்வுண்மையை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். கட்டுரையின் கடைசியில் மறுபடி கேட்கப்படும்.

இரண்டாம் சான்று சுமைதாங்கிக் கல். இரு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருப்பார்கள். வழிப்போக்கன் பிறர் கை இல்லாமலே தலைச்சுமையை இறக்கிவைத்து, பிறர் கை இல்லாமலே ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இக்கற்களை நட்டார்கள். இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக ஊரார் சுமையை இறக்க ஒரு கல். உலகில் எந்த ஸ்டாண்டு கம்பெனிக்கும் இப்படி ஒரு வரலாறு இல்லை.

மூன்றாம் சான்று விளக்குப் பிடித்தோர் வரிசை. சுவாமி புறப்பாட்டில் தீவட்டிக்காரர். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்தவர். வீடியோ வந்த காலத்தில் 1000 வாட் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப்பிடித்தவர். இந்த மூன்றாமவர் வந்தால் மேடையில் மணமக்கள் கண்ணைச் சுருக்குவார்கள், சொந்தக்காரர்கள் வேர்த்து வழிவார்கள், விளக்கின் முகப்பில் ஈசல் பொரியும். அக்கால வீடியோக்களில் தாலி கட்டும்போது பெண் அழுவதாகத் தெரிவதெல்லாம் ஆனந்தக் கண்ணீர் என்று கொள்ளுதல் பொருந்தாது. எல்இடி வந்து சூட்டைக் குறைத்தது, எடையைக் குறைத்தது. எடை குறைந்ததும் கை போதும் என்றாயிற்று. ஆளை வேலையிலிருந்து நிறுத்தியது மேஜிக் ஆர்ம் அன்று, எடை குறைந்த விளக்கே என்பது இவ்வாய்வின் துணை முடிபு.

5. பிறமத விளக்கம்

சங்கரன்கோவில் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்று இரு நாகர்கள் வருவார்கள். ஒருவர் சிவனே பெரியவர் என்பார், மற்றவர் திருமாலே பெரியவர் என்பார். கைகளின் உலகிலும் இப்படி இரு கட்சி உண்டு.

முதலாவது வில் மதம். இதன் ஆசான் இங்கிலாந்தின் ஜார்ஜ் கார்வர்டைன். கார்களுக்குச் சஸ்பென்ஷன் வடிவமைத்தவர். குண்டும் குழியுமான சாலையில் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கைக் கொண்டு ஒரு விளக்கைத் தாங்கினால் என்ன என்று யோசித்து, 1932இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்பிரிங் செய்து விற்ற ஹெர்பர்ட் டெர்ரி நிறுவனம் அதை ஆங்கிள்பாய்ஸ் என்னும் மேசை விளக்காக்கிற்று. நார்வேக்காரர் ஜாக் ஜேக்கப்சன் 1937இல் லக்ஸோ என்று தம் வழியில் ஒன்று செய்தார். 1986இல் பிக்ஸார் எடுத்த குறும்படத்தில் துள்ளி விளையாடும் விளக்கு அந்தக் குடும்பத்துப் பிள்ளை. இம்மதத்தில் இறுக்கலும் இல்லை, தளர்த்தலும் இல்லை. பூமி கீழே இழுக்கும் அளவுக்கு ஸ்பிரிங் மேலே இழுக்கும். இழுத்த இடத்தில் நிற்கும். இன்று யூடியூபர்கள் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டும் கை இதன் வாரிசு. மேசையோடு கட்டிய பிழைப்புக்கு இது ஏற்றது. கல்யாண வீடோ மேசையைச் சாப்பிட மட்டுமே போடும்.

இரண்டாவது திருகு மதம். இதன் ஆசான் இத்தாலியின் பஸானோ தெல் கிராப்பா ஊரைச் சேர்ந்த லீனோ மான்ஃப்ரோட்டோ. பத்திரிகைப் புகைப்படக்காரர். ஸ்டாண்டுகளைத் தூக்கிச் சுமந்து தோள் நொந்து, 1960களின் பிற்பகுதியில் தாமே இலேசாகச் செய்யத் தொடங்கினார். தோள்வலியிலிருந்து பிறந்த இந்நிறுவனத்தின் கைக்கு வைத்த பெயர்தான் மேஜிக் ஆர்ம். இன்று எந்த ஊரில் யார் வார்த்த கையும் அப்பெயராலேயே விற்கிறது, எல்லா நகலும் ஜெராக்ஸ் ஆனதுபோல. இம்மதத்தில் ஸ்பிரிங்குக்கு இடமில்லை. திருகை முறுக்கினால் உள்ளே இருக்கும் ஊசிகள் இரு முனைக் குண்டுகளையும் நெட்டித்தள்ளும். உராய்வுதான் தாங்கும் சக்தி.

மூன்றாவதாக ஒரு சிறுபான்மை மதமும் உண்டு: கூஸ்நெக் என்னும் வளைகழுத்து. பொதுக்கூட்ட மேடையில் மைக்கைத் தாங்குவது இதுவே. பேச்சாளர் வாய்க்கு நேராக நிறுத்திவிட்டுப் போவார்கள். பேசப்பேச மெல்லத் தாழும். பேச்சாளரும் கூடவே தாழ்வார். கூட்டம் முடியும்போது அவர் வாக்காளரைப் பார்த்துக் குனிந்து நிற்பதைப் பணிவு என்று நாளிதழ்கள் எழுதுவது கருவியியல் அறியாமை.

6. ஏழு அசைவுக் கோட்பாடு

மனிதக் கையின் அசைவுகளை உடலியலார் ஏழாக வகுப்பர். தோளில் மூன்று: முன்பின், பக்கவாட்டு, சுழற்சி. முழங்கையில் ஒன்று: மடக்கல். முன்கையில் ஒன்று: புரட்டல். மணிக்கட்டில் இரண்டு. மேஜிக் ஆர்மை எண்ணுக. ஒரு முனைக் குண்டில் மூன்று, நடு மூட்டில் ஒன்று, மறுமுனைக் குண்டில் மூன்று. ஆக ஏழு. கடவுள் படைத்த கையும் கம்பெனி வார்த்த கையும் எண்ணிக்கையில் ஒத்துப்போவது தற்செயல் அன்று. வெளியில் ஒரு பொருளை எந்த இடத்திலும் எந்தச் சாய்விலும் நிறுத்த ஆறே போதும். ஏழாவது, முழங்கையை வசதியான பக்கம் ஒதுக்கிக்கொள்வதற்காக. நெருக்கிய பந்தியில் பக்கத்து இலைக்காரரை இடிக்காமல் சாப்பிட உதவுவது இந்த ஏழாவதே.

7. நூற்பாவும் உரையும்

இதுகாறும் சொன்னவற்றைத் தொகுத்து நூற்பா செய்தோம்.

நிற்பது காலே; நீள்வது கையே;
இறுகின் நிற்கும்; தளரின் வீழும்;
வீழ்வது விளக்கே, அழுவது உடையோன்.

என் நுதலிற்றோ எனின், ஸ்டாண்டு, ஆர்ம், திருகு என்னும் மூன்றன் கடமை உணர்த்துதல் நுதலிற்று.

'நிற்பது காலே' என்றாராயினும், ஸ்டாண்டின் மூன்று காலுள் ஒன்று கை நீளும் திசையையே நோக்கி நிற்றல் வேண்டும் என்பது உரையிற் கோடல். அங்ஙனமன்றி இரண்டு காலுக்கு நடுவே பாரம் நீளின், ஸ்டாண்டு பாரத்தின் பக்கமே சாயும்.

'நீள்வது கையே' என்றமையால் நீட்சியால் வரும் கேடும் கொள்க. இரண்டு கிலோ விளக்கை 60 சென்டிமீட்டர் நீட்டுவதும் நான்கு கிலோ விளக்கை 30 சென்டிமீட்டர் நீட்டுவதும் ஸ்டாண்டுக்கு ஒன்றே. ஐயமுறுவோர் உலக்கையை நடுவில் பிடித்துத் தூக்கியும், நுனியில் பிடித்து நீட்டியும் காண்க.

'இறுகின்' எனப் பொதுப்படக் கூறினமையின், குறுக்குக் கம்பி மாட்டும்போது பாரம் கீழே இழுக்கும் திசையும் திருகு இறுகும் திசையும் ஒன்றாகுமாறு மாட்டுக. மாறி மாட்டின், பாரமே மரையைத் தளர்த்தும். உலகில் கேமராக்களின் அடிவயிற்றில் இருப்பது பெரும்பாலும் கால் இஞ்ச் மரை. ஓர் அங்குலத்துக்கு 20 சுற்று. ஜப்பான் கேமராவும் சீனக் கையும் சங்கரன்கோவில் ஹார்டுவேர் கடைப் போல்ட்டும் சண்டையின்றிச் சேரும் ஒரே இடம் அதுதான். அது தேய்ந்தவனை 'மரை கழண்டவன்' என்று இவ்வட்டாரத்தார் சொல்வது கருவியியலிலிருந்து மனவியலுக்குப் போன சொல்.

'விளக்கே' என்றது உபலக்கணம். கேமரா, மைக், கைபேசி, மாமாவின் கண்ணாடி அனைத்தும் கொள்க.

'அழுவது உடையோன்' என்றமையால், வாடகைக்கு எடுத்தோன் அழான் என்பது பெறப்படும். அவன் போனை எடுக்கமாட்டான்.

8. கள ஆய்வு

ஆனி மாத முகூர்த்தம் ஒன்றில், உறவினர் வீட்டுப் பந்தலில், காலைப் பலகாரத்துக்கும் மதியப் பந்திக்கும் இடைப்பட்ட நேரத்தில் களஆய்வு நிகழ்ந்தது. மாதம் இங்கே முக்கியம். ஆனி தொடங்கினால் தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து, செங்கோட்டை, தென்காசி தாண்டி இந்தச் சமவெளியில் கட்டவிழ்த்துக்கொண்டு ஓடும். காற்றாலைகள் இப்பக்கம் வரிசையாக நிற்பது அழகுக்காக அல்ல. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியில் விளக்குக்கு ஏன் இடமில்லை என்றால், ஆடியில் கல்யாணம் இல்லை, எனவே பறப்பதைப் பார்த்துக் கவலைப்பட ஸ்டுடியோக்காரர் இல்லை.

ஸ்டுடியோக்காரத் தம்பி மூன்று கைகளோடு வந்திருந்தார்.

முதற்கை பந்தல் இரும்புக் குழாயில். கிளாம்ப் 13 மில்லிமீட்டர் முதல் 55 மில்லிமீட்டர் வரை கவ்வக்கூடியது. ஒன்றரை இஞ்ச் குழாயின் வெளிவட்டம் 48. கச்சிதமாகக் கவ்வியது. இதே கையை முந்தைய வீட்டில் வாசல் வாழைமரத்தில் மாட்டியதாகவும், மரம் உள்ளே போனதே தவிரக் கை நிற்கவில்லை என்றும் தம்பி தாமாகவே வாக்குமூலம் தந்தார்.

இரண்டாம் கை ஜன்னல் கம்பியில். கம்பியின் கனம் 12 மில்லிமீட்டர். கிளாம்ப்பின் வாய் 13க்குக் கீழே மூடாது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கேமரா மெல்லத் தலைகுனிந்து, மணமேடைக்குப் பதில் வரிசையாக விட்டிருந்த செருப்புகளைப் பத்து நிமிடம் பதிவு செய்தது. பழைய சைக்கிள் டியூப் துண்டைக் கம்பியில் சுற்றி இறுக்கியதும் நிமிர்ந்தது. இவ்வட்டாரத்தில் எந்தக் கோட்பாடும் ஒரு துண்டு சைக்கிள் டியூப் இல்லாமல் முழுமை பெறுவதில்லை.

மூன்றாம் கை ஸ்டாண்டில், பெரிய சாஃப்ட் பாக்ஸோடு. சாஃப்ட் பாக்ஸ் என்பது துணியால் ஆன பெட்டி. அறைக்குள் அது விளக்கு. காற்றில் அது பாய்மரம். நாதஸ்வரக்காரர் சுருதி சேர்க்கும் நேரத்தில் மேற்கேயிருந்து ஒரு வீச்சு வந்தது. கை தளரவில்லை, மரை கழலவில்லை, குண்டு வழுக்கவில்லை. கை அவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்ததால் ஸ்டாண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சீர்வரிசை வைத்திருந்த எவர்சில்வர் பாத்திரங்களின்மேல் விழுந்தது. கெட்டிமேளத்துக்கு முன்னாலேயே கெட்டிமேளம். சகுனம் என்று யாரோ முணுமுணுக்குமுன் ஓர் ஆச்சி, "வெளக்குதானல விழுந்துச்சு? மேடையில வெளிச்சம் கொட்டிட்டுன்னு நெனச்சிக்கிட்டுப் போங்க" என்று தீர்ப்பளித்து வழக்கை முடித்துவைத்தார்.

அப்போது சாம்பார் வாளியோடு ஒருவன் வந்தான். போன வருடம்வரை இதே தம்பிக்கு லைட் பிடித்தவன். கை வந்ததும் ஆள் போனவன். அன்று பெண் வீட்டு உறவு என்ற முறையில் பந்தி கவனித்துக்கொண்டிருந்தான். வாளியை இறக்கிவைத்தான். ஸ்டாண்டை நிமிர்த்தினான். ஒரு காலைத் திருப்பிக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நீட்டினான். அதன்மேல் தன் பாதத்தை வைத்து அழுத்தி, கம்பியில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டான்.

"காத்து எந்தப் பக்கம் வருதுன்னு இதுக்குத் தெரியாதுல்லாண்ணே" என்றான்.

"சரிடே, தாலி கட்டுத வரைக்கும் அப்படியே நில்லு" என்றார் தம்பி.

ஏற்றத்தின் துலாவில் ஏறி நின்ற ஆள் இறங்கிவந்து ஸ்டாண்டின் காலில் ஏறி நின்றதை இவ்வாய்வாளர் கண்ணால் கண்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் அவனை மணல் மூட்டை என்று வகைப்படுத்திவிடலாம். தாலி ஏறியதும் எல்லா விளக்கும் எல்லாக் கேமராவும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் மட்டும் பந்தலின் ஓரத்தைப் பார்த்தான். கம்பியைச் சுழற்றி வெளிச்சத்தை அங்கே திருப்பிக்கொண்டே, "அண்ணே, தாத்தா" என்றான். பெண்ணின் தாத்தா தூணோடு சாய்ந்து, அட்சதை போட்ட கையை இறக்க மறந்து நின்றிருந்தார். தம்பி திரும்பி எடுத்தார். மூன்று கைகளும் இறுக்கிய இடத்தில் இறுக்கியபடியே இருந்தன.

9. தடையும் விடையும்

தடை: மணல் மூட்டை வைத்தால் போதுமே, ஆள் எதற்கு?

விடை: மணல் மூட்டை தாத்தாவைப் பார்க்காது.

தடை: ஆளுக்குக் கை வலிக்கும், தூக்கம் வரும், கவனம் மாறும். கை அப்படியல்லவே?

விடை: கவனம் மாறியதால்தான் தாத்தா கிடைத்தார்.

தடை: விளக்குப் பிடித்துக்கொண்டே ஒருவன் ஆயுள் கழிவது நியாயமா?

விடை: நியாயமில்லை. ஆனால் பிடித்துக்கொண்டு நின்றவன் சும்மா நிற்கவில்லை. வெளிச்சம் மூக்கில் விழுந்தால் நிழல் எங்கே போகும், மாநிறத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், அழப்போகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று நின்ற இடத்திலேயே படித்தான். ஸ்டுடியோக்காரத் தம்பியை விசாரித்ததில், அவரும் பத்து வருடத்துக்கு முன்னால் இன்னொருவருக்கு லைட் பிடித்தவரே. கையை வாங்கிய அன்று அவர் மிச்சப்படுத்தியது ஒரு சம்பளத்தை. இழந்தது ஒரு மாணவனை. மேஜிக் ஆர்ம் எத்தனை முகூர்த்தம் பார்த்தாலும் ஸ்டுடியோ வைக்காது.

10. முடிபு

சங்கரன்கோவிலில் சங்கனும் பதுமனும் போட்ட வழக்கு யாரும் தோற்காமல் முடிந்தது. கோமதி அம்மன் தவமிருந்து கேட்டதற்கு இறைவன் ஒரு பாதி சிவனாகவும் ஒரு பாதி திருமாலாகவும் ஒரே உருவில் காட்சி தந்தார். அதைத்தான் ஆண்டுதோறும் ஆடித்தபசு என்று ஊர் கூடிக் கொண்டாடுகிறோம். பக்கத்திலேயே இப்படி ஒரு தீர்ப்பு இருக்க, கையா ஆளா என்று மேலநீலிதநல்லூர்க்காரர் வழக்காடுவது முறையன்று.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஸ்டுடியோக்காரத் தம்பி மூன்று கைகளையும் பையில் போட்டு, அவனையும் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். கல்யாண ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் தாத்தா இருக்கிறார்.

ஆகவே, கையாள் என்னும் சொல்லைக் கை, ஆள் எனப் பிரிப்பது இலக்கணப்படி சரி. ஆனி மாதம் எங்கள் ஊரில் அது செல்லாது.